செயற்கைக்கோளும் சாலை வரைபடமும்

பயணம் புறப்படும் எவருக்கும் மூன்று கேள்விகள் எழுவது இயல்பு. நாம் இப்போது எங்கே இருக்கிறோம்? போக வேண்டிய இடத்துக்கு எந்த வழியாகப் போவது? அந்த வழியில் இன்று, இந்த நேரத்தில், போகலாமா? கேட்பதற்கு மூன்றும் ஒன்று போலவே தோன்றும். ஆனால் மூன்றுக்கும் விடை வருகிற இடம் வேறு வேறு. முதல் கேள்விக்கு விடை வானத்திலிருந்து வருகிறது. இரண்டாவதற்கு வரைபடமும் கணக்கும் விடை தருகின்றன. மூன்றாவதற்கு வாகனத்தை ஓட்டுகிறவரே விடை காண வேண்டும்.

இன்று நம் கைத்தொலைபேசி இம்மூன்றுக்கும் சேர்த்து ஒரே குரலில் பதில் சொல்லிவிடுகிறது. "இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்புங்கள்" என்கிறது, நாமும் திரும்பிவிடுகிறோம். எந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அதை அறிந்துகொண்டால், அக்குரலை எங்கே முழுமையாக நம்பலாம், எங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும் என்பது விளங்கிவிடும். நமக்கெல்லாம் பழக்கமான மஸ்ஜித் இந்தியாவையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு இதனை ஆராய்ந்து பார்ப்போம்.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

தலைநகரில் வாகனமோட்டிகளைச் சோதிக்கும் இடங்களுள் மஸ்ஜித் இந்தியா ஒன்று. கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசலின் அருகே ஒன்று கலக்கின்றன. சேற்று நீர் கூடும் முகத்துவாரம் என்பதே கோலாலம்பூர் என்னும் பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பொருள். அவ்விரு ஆறுகளும் கூடுவதற்குமுன், அவற்றுக்கு இடையே ஆப்பு போன்ற வடிவில் ஒரு நிலப்பகுதி அமைந்திருக்கிறது. அதில்தான் மஸ்ஜித் இந்தியா இருக்கிறது. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மான், ஜாலான் மஸ்ஜித் இந்தியா ஆகிய மூன்றும் ஏறக்குறைய இணையாகச் செல்கின்றன. தெற்கே ஜாலான் துன் பேராக், வடக்கே ஜாலான் டாங் வாங்கி. ஒருவழிப் பாதைகள், குறுகிய சந்துகள், சாமான் இறக்கும் லாரிகள், நடந்து செல்லும் பெருங்கூட்டம் என எல்லாம் இந்தச் சிறிய இடத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

மேலே சொன்ன நான்கைந்து வாக்கியங்களைக் கேட்டதும் நம் மனத்தில் ஒரு படம் தோன்றியிருக்கும்: இருபுறமும் ஆறு, நடுவே மூன்று தெருக்கள், மேலும் கீழும் இரண்டு குறுக்குச் சாலைகள். இதுதான் வரைபடம். தாளில் இருந்தாலும் திரையில் இருந்தாலும் அது கடைசியில் நம் மனத்தில் பதிய வேண்டிய ஒன்று. இதனை நினைவில் வைத்துக்கொண்டு, முதலில் செயற்கைக்கோளின் வேலையைப் பார்ப்போம்.

வானத்துக் கடிகாரங்கள்

ஜி.பி.எஸ். என்று நாம் வழங்கும் அமைப்பை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1973-ஆம் ஆண்டில் திட்டமிடத் தொடங்கியது. அதன் முதல் செயற்கைக்கோள் 1978-இல் விண்ணில் ஏவப்பட்டது. 1995-இல் அமைப்பு முழுமை பெற்றது. தொடக்கத்தில் பொதுமக்களுக்குக் கிடைத்த அலையில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பினார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். அதன் பிறகே கார்களில் வழிகாட்டும் கருவிகள் பெருகின. இன்று ரஷ்யாவின் குளோநாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் இயங்குகின்றன. நம் கைத்தொலைபேசிகளில் பெரும்பாலானவை ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளின் அலைகளைக் கேட்கக் கூடியவை.

கேட்கக் கூடியவை என்பதைக் கவனிக்க வேண்டும். செயற்கைக்கோள் மேலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. செயற்கைக்கோளுக்கு நம்மையும் தெரியாது, மஸ்ஜித் இந்தியாவையும் தெரியாது. அது செய்வது ஒன்றே ஒன்றுதான். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் நாளுக்கு இருமுறை பூமியைச் சுற்றியவாறு, "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது" என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒரு வானொலி நிலையத்தின் ஒலிபரப்பைப் போன்றதே அது. நம் தொலைபேசி அதைக் கேட்டுக் கணக்குப் போடுகிறது.

கணக்கு என்ன? வானொலி அலை ஒரு நொடியில் ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. நம் தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக்கோளிலிருந்து அந்த அலை நம்மை வந்தடைய நொடியில் 15-இல் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அலை புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டால், அந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இதைத் தரையிலேயே விளக்கலாம். நம் நண்பர் ஒருவர், தாம் மஸ்ஜித் ஜாமெக்கிலிருந்து சரியாக 400 மீட்டரில் நிற்பதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மஸ்ஜித் ஜாமெக்கை மையமாக வைத்து 400 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுகிறோம். அவர் அந்த வட்டத்தின்மேல் எங்கேயோ இருக்கிறார். சோகோ பேரங்காடியிலிருந்து இவ்வளவு தொலைவு என்றும் சொன்னால் இன்னொரு வட்டம் போடலாம். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. மூன்றாவது அடையாளம் ஒன்றிலிருந்தும் தொலைவு தெரிந்தால் ஆள் நிற்குமிடம் அகப்பட்டுவிடும். வானத்தில் வட்டங்களுக்குப் பதிலாகக் கோளங்கள், வேறுபாடு அவ்வளவே. ஆயினும் அங்கே நான்காவதாக ஒரு செயற்கைக்கோளும் தேவைப்படுகிறது. காரணம், செயற்கைக்கோளில் இருப்பது அணுக்கடிகாரம். நம் தொலைபேசியில் இருப்பதோ மலிவான கடிகாரம். நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் இடம் 300 மீட்டர் விலகிப் போகும். அந்தக் கடிகாரப் பிழையைக் கண்டுபிடித்து நீக்கவே நான்காவது செயற்கைக்கோள்.

செயற்கைக்கோளில் உள்ள கடிகாரத்துக்கும் ஒரு திருத்தம் வேண்டியிருக்கிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையின்படி, அவ்வளவு உயரத்தில் அவ்வளவு வேகத்தில் சுற்றும் கடிகாரம், பூமியில் இருப்பதைவிட ஒரு நாளில் நொடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்திவிடும். இதைக் கவனியாது விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும். இத்தனையையும் சரிசெய்த பிறகு, திறந்த வெளியில் ஒரு சாதாரணக் கைத்தொலைபேசி நம் இடத்தை ஏறக்குறைய 5 மீட்டருக்குள் சொல்லிவிடுகிறது. மனித அறிவின் பெருஞ்சாதனைகளுள் இது ஒன்று என்பதில் ஐயமில்லை.

கருவி தடுமாறும் இடங்கள்

திறந்த வெளி என்று சொன்னோம். நகரத்தின் நடுவே திறந்த வெளி எங்கே இருக்கிறது? உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே நிற்கும்போது வானத்தில் ஒரு கீற்றுதான் தெரிகிறது. பல செயற்கைக்கோள்கள் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. அவற்றின் அலைகள் எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியில் பட்டுத் திரும்பி நம்மிடம் வருகின்றன. சுற்றி வந்த அலை கூடுதல் தொலைவு கடந்து வருவதால், கருவி ஏமாந்து நம்மை அடுத்த தெருவில் கொண்டுபோய் வைக்கிறது. இணையாகச் செல்லும் மூன்று தெருக்கள் நெருங்கியிருக்கும் மஸ்ஜித் இந்தியாவில் இப்பிழை பெரும் பிழையாகிவிடும். ஒரு தெரு தள்ளிப் போனால் ஒருவழிப் பாதைகள் காரணமாக வட்டமடித்துத்தான் திரும்பி வர வேண்டும்.

இரண்டாவது தடுமாற்றம் உயரத்தில் நேர்கிறது. நாம் காணக்கூடிய செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேதான் இருக்கின்றன, கீழே ஒன்றுமில்லை. ஆகவே கிழக்கு மேற்கைக் கணிப்பதைவிட உயரத்தைக் கணிப்பதில் பிழை அதிகம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு சாலைக்கு மேல் இன்னொரு சாலை செல்லும் இடங்கள் ஏராளம். நாம் மேல் சாலையில் போகிறோமா, கீழ்ச் சாலையில் போகிறோமா என்று கருவிக்கு எளிதில் தெரிவதில்லை. பிரியும் இடத்தில் அது சொல்வதைவிட, சாலையில் உள்ள பச்சைப் பலகையும் நீலப் பலகையும் சொல்வதே நம்பத்தக்கது.

மூன்றாவது, சுரங்கப்பாதை. 2007-ஆம் ஆண்டு மே மாதம் வாகனங்களுக்குத் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கத்தில், வாகனங்கள் செல்லும் பகுதி ஏறத்தாழ 4 கிலோமீட்டர். பூமிக்கடியில் செயற்கைக்கோளின் அலை எட்டாது. கடைசியாகத் தெரிந்த இடத்தையும் வேகத்தையும் கொண்டு கருவி ஊகம் செய்கிறது. எந்த வாயிலில் வெளியேற வேண்டும் என்பதை உள்ளே நுழையும்முன் நாம் அறிந்திருக்க வேண்டும்.

வரைபடம் எப்படி வந்தது?

இவ்வளவு பாடுபட்டும் செயற்கைக்கோள் நமக்குத் தருவது எண்கள்தாம். பூமியின்மேல் இன்ன அட்சரேகை, இன்ன தீர்க்கரேகை என்பதோடு அதன் பணி முடிகிறது. அந்தப் புள்ளிக்கு "ஜாலான் மஸ்ஜித் இந்தியா" என்று பெயர் சொல்வது வரைபடம். அந்த வரைபடத்தை மனிதர்கள் கால் நடையாக நடந்து அளந்திருக்கிறார்கள்.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இந்தியாவை முக்கோணங்களால் அளந்த மாபெரும் நில அளவை, சென்னைப் பரங்கிமலையில் 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தொடங்கியது. வில்லியம் லாம்டன் என்பவர் அதன் தலைவர். முதலில் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார்கள். பிறகு அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்தில் உள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணங்களை அளந்தார்கள். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முழுதும் தெரிந்துவிடும். அந்த முக்கோணத்தின் பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படியே நாடு முழுவதும் சென்றார்கள். சமவெளியில் குன்று இல்லாத இடத்தில் கோயில் கோபுரங்கள் உதவின. 1808-இல், ஏறத்தாழ அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதிச் சேதமடைந்தது. லாம்டன் அதைத் தம் கையாலேயே பழுதுபார்த்து மறுபடியும் பயன்படுத்தினார். அன்று கோணத்தை அளந்து முக்கோணம் போட்டார்கள்; இன்று தொலைவை அளந்து இடம் காண்கிறோம். இரண்டுக்கும் அடிப்படை ஒரே வடிவ கணிதம்.

நம் நாட்டில் நில அளவை, பட ஆக்கத் துறையாகிய ஜுபெம் இப்பணியைச் செய்கிறது. இதனுடன் பொதுமக்களின் பங்கையும் சொல்லியாக வேண்டும். கருவிகள் புதிதாக வந்த 2000-ஆம் ஆண்டுகளில் அவற்றில் மலேசியச் சாலைகள் சரிவர இல்லை. அப்போது தன்னார்வலர்கள் தங்கள் வண்டிகளில் சென்ற தடங்களைப் பதிவுசெய்து, ஒன்று சேர்த்து, மால்பிரீமேப்ஸ் என்ற பெயரில் இலவச வரைபடத்தை வெளியிட்டார்கள். இன்று நாம் பயன்படுத்தும் வேஸ் போன்ற செயலிகளிலும், தவறான திருப்பத்தையும் புதிய சாலையையும் திருத்திக்கொண்டிருப்போர் பெரும்பாலும் சம்பளம் பெறாத சாதாரண வாகனமோட்டிகளே.

ஆனாலும் வரைபடத்துக்கும் வயது உண்டு. சாலைப் பெயர்களை எடுத்துக்கொள்வோம். பத்து ரோடு என்று பெரியவர்கள் சொல்வது இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். மவுண்ட்பேட்டன் ரோடு என்பது ஜாலான் துன் பேராக். கேம்பல் ரோடு என்பது ஜாலான் டாங் வாங்கி. பிரிக்பீல்ட்ஸ் ரோடு என்பது ஜாலான் துன் சம்பந்தன். 2014-இல் தலைநகரின் பல சாலைகளுக்கு மாமன்னர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஜாலான் டூத்தா அப்போது ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிம் ஆயிற்று. ஆனால் அங்கிருந்து தொடங்கும் நெடுஞ்சாலையின் சாவடியை மக்கள் இன்றும் ஜாலான் டூத்தா டோல் என்றே அழைக்கிறார்கள். ஜுபெம் தலைமையகம் இருந்த ஜாலான் செமாராக்கும் அதே ஆண்டில் ஜாலான் சுல்தான் யாஹ்யா பெத்ரா என்று மாறியது. வரைபடம் தயாரிப்பவர்களின் சொந்த முகவரியே மாறிப்போனது! ஆகவே பெரியவர் ஒருவர் பழைய பெயரைச் சொன்னால் "அப்படியொரு சாலை இல்லை" என்று கருவி சொல்லக்கூடும். சாலை இருக்கத்தான் செய்கிறது, பெயர்தான் மாறியிருக்கிறது.

வழியைத் தேடும் கணக்கு

இனி இரண்டாவது கேள்வி. எந்த வழியாகப் போவது? டைக்ஸ்ட்ரா என்னும் டச்சுக் கணித அறிஞர் 1956-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்து, தாளும் எழுதுகோலும் இல்லாமல், சுமார் 20 நிமிடங்களில் இதற்கு ஒரு முறை வகுத்தார். 1959-இல் அது அச்சில் வந்தது. இன்றைய வழிகாட்டும் செயலிகளின் மூலக்கருத்து அதுதான்.

சந்திப்புகள் எல்லாம் முடிச்சுகள் என்றும் சாலைகள் எல்லாம் நூல்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நூலுக்கும் அதைக் கடக்க எத்தனை நிமிடம் என்று ஓர் எண். புறப்படும் இடத்தில் தண்ணீரைக் கொட்டினால் அது முதலில் அருகில் உள்ள முடிச்சை அடையும், பிறகு அடுத்ததை, பிறகு அதற்கடுத்ததை. அதுபோலவே கணக்கும் பரவுகிறது. போக வேண்டிய இடத்தை அது எந்த வழியாக முதலில் தொட்டதோ, அதுவே மிகக் குறைந்த நேரத்து வழி.

மஸ்ஜித் இந்தியாவில் துணி எடுத்துவிட்டு, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெருவழிகள் மூன்று. வடக்கே ஜாலான் டூத்தாவிலிருந்து புக்கிட் ராஜா வரை செல்லும் புதிய கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை. நடுவே பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம் வழியாகச் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலை. தெற்கே கெசாஸ் எனப்படும் ஷா ஆலாம் நெடுஞ்சாலை. நடுவில் உள்ளதற்கு 2018 ஜனவரி முதல் டோல் கட்டணம் இல்லை. மற்ற இரண்டுக்கும் உண்டு. மூன்றையும் கருவி நொடிப்பொழுதில் கணக்கிட்டு, "இதில் போனால் 6 நிமிடம் மிச்சம்" என்கிறது.

அந்த நிமிடக் கணக்கு எங்கிருந்து வருகிறது? நமக்கு முன்னே சென்றுகொண்டிருக்கும் மற்றவர்களின் கைத்தொலைபேசிகளிலிருந்து வருகிறது. அவை மெதுவாக நகர்ந்தால் நெரிசல் என்று தெரிகிறது. இந்த ஒரு வேலையில் தாள் வரைபடம் கருவியிடம் தோற்றுப்போகும். பத்தாங் பெர்ஜுந்தையில் மழை பெய்தாலும் பத்துத் தீகாவில் விபத்து நடந்தாலும் தாளுக்குத் தெரியாது. அன்றாட நெரிசலை அறியக் கருவியை நாடுவதே அறிவுடைமை.

போகலாமா?

ஆனால் கருவி கணக்கிடும் எண் நிமிடம் ஒன்றுதான். அந்த வழி நமக்கு ஏற்றதா என்பது அந்தக் கணக்கில் இல்லை. 2 நிமிடம் மிச்சப்படுத்த அது ஒரு குடியிருப்பின் சந்துக்குள் நம்மை அனுப்பக்கூடும். அங்கே பள்ளி விடும் நேரம் என்பதை நாம்தான் நினைக்க வேண்டும். சனிக்கிழமை மாலையில் லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இரவுச் சந்தை கூடும் என்பதும், நோன்பு மாதத்தில் மஸ்ஜித் இந்தியாப் பகுதியில் கடைகளும் கூட்டமும் தெருவை நிறைக்கும் என்பதும், வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்கு வருவோர் பெருகுவர் என்பதும் அவ்வட்டாரத்து மக்களுக்குத் தெரிந்த செய்திகள். "அண்ணே, செமுவா ஹவுசுக்கு எப்படிப் போறது?" என்று கடைக்காரரைக் கேட்டால், வழியுடன், "இந்நேரம் காரை அங்கே விட முடியாதுங்க, இப்படிச் சுற்றி வாங்க" என்ற அறிவுரையும் கிடைக்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்ற பழமொழி இன்னும் பழசாகிவிடவில்லை.

சில வேளைகளில் இது வசதியைத் தாண்டி உயிர்ப் பிரச்சினை ஆகிவிடுகிறது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் நாள் காலையில், ஜாலான் மஸ்ஜித் இந்தியாவின் நடைபாதை திடீரென உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு பெண்மணி, சுமார் 8 மீட்டர் ஆழமுள்ள அக்குழிக்குள் விழுந்தார். மீட்புப் படையினர் 9 நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. சில நாட்களுக்குள் அருகிலேயே இன்னொரு குழியும் தோன்றியது. தெரு மூடப்பட்டது. எந்த வரைபடமும் எந்தச் செயற்கைக்கோளும் அந்த நடைபாதைக்கடியில் இருந்ததை முன்கூட்டிச் சொல்லவில்லை. நிலம் மாறிய பிறகே படம் மாறும் என்ற உண்மையை நாம் அந்த வாரத்தில் கண்கூடாகக் கண்டோம்.

வெள்ளம் இன்னொரு சான்று. மஸ்ஜித் ஜாமெக்கைக் கடந்து செல்லும் அதே கிள்ளான் ஆறுதான் மேற்கே ஷா ஆலாமின் ஓரமாகச் சென்று, கிள்ளான் நகரை வடக்கு தெற்காகப் பிரித்துக் கடலில் சேர்கிறது. 2021 டிசம்பர் 18-ஆம் நாள் பெய்த பெருமழையில், அந்த ஆற்றை ஒட்டித் தாழ்வாக அமைந்த தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளை மூழ்கடித்தது. நெடுஞ்சாலைகளிலும் நீர் புகுந்து, பலர் வாகனங்களுடன் வழியிலேயே சிக்கிக்கொண்டார்கள். இத்தகைய நேரத்தில் கருவி பெரிதும் தடுமாறும். மூடிய சாலையில் வாகனம் இல்லை. வாகனம் இல்லையென்றால் செய்தி அனுப்பத் தொலைபேசியும் இல்லை. யாராவது தெரிவிக்கும்வரை அச்சாலை காலியாக இருப்பதாகக்கூடக் கருவி எண்ணிவிடலாம்.

ஆறு எங்கே செல்கிறது, தாழ்ந்த நிலம் எது, மேட்டு நிலம் எது என்று வரைபடத்தில் ஒருமுறை பார்த்து வைத்திருப்பவர், மழை கனக்கும்போது எந்தப் பக்கம் போகக்கூடாது என்பதைத் தாமே உணர்வார். கருவியின் திரையிலும் ஆறு நீலக் கோடாகத் தெரியத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த திருப்பத்தை மட்டுமே பார்த்துச் செல்பவரின் கண்ணில் அக்கோடு படுவதில்லை. ஸ்மார்ட் சுரங்கத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். வெள்ளநீரைத் திருப்பிவிடவும் கட்டப்பட்ட அது, பெருமழைக் காலத்தில் வாகனங்களுக்கு மூடப்பட்டு நீர் செல்லும் வழியாகிவிடும். அப்போது மாற்றுவழி நம் மனத்தில் தயாராக இருக்க வேண்டும்.

மனத்தில் உள்ள படம்

லண்டன் மாநகரின் வாடகைக் கார் ஓட்டுநர்கள் உரிமம் பெறுவதற்கு, நகரின் நடுப்பகுதியில் உள்ள சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுத வேண்டும். 2000-ஆம் ஆண்டில் எலினார் மக்வாயர் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இவ்வோட்டுநர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்புறம், மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. 2017-இல் லண்டனில் வெளிவந்த இன்னோர் ஆய்வில், மக்கள் தாமே வழி தேடும்போது அப்பகுதி சுறுசுறுப்பாக இயங்குவதும், கருவி சொன்னபடி போகும்போது அந்தச் சுறுசுறுப்பு காணப்படாததும் தெரியவந்தது. பயன்படுத்தாத கத்தி துருப்பிடிக்கும் என்பது இங்கும் பொருந்தும். கருவியைப் பார்த்தே பத்தாண்டு ஓட்டியவர், அதன் மின்கலம் தீர்ந்த அன்று தம் சொந்த ஊரிலேயே விருந்தாளியாகிவிடுகிறார்.

இதற்காகக் கருவியைத் தூக்கி எறிய வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உணவு கொண்டுசெல்லும் இளைஞருக்கும், முன்பின் அறியாத வீட்டைத் தேடிச் செல்லும் மருத்துவ ஊர்திக்கும் அது பேருதவி. நாம் செய்ய வேண்டியது வேலையைப் பிரித்துக் கொடுப்பதே.

புறப்படும்முன் ஐந்து நிமிடம் வரைபடத்தை முழுமையாகப் பார்ப்போம். திரையில் பார்த்தாலும் சரி, அதைச் சிறிதாக்கி, புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒரே பார்வையில் தெரியும்படி வைத்துக்கொள்வோம். எந்தத் திசையில் போகிறோம், எந்தப் பெருஞ்சாலை, எங்கே ஆற்றைக் கடக்கிறோம், எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர் என்று மனத்துக்குள் சொல்லிப் பார்ப்போம். மாற்றுவழி ஒன்றையும் குறித்துக்கொள்வோம். பிறகு கருவியில் இடத்தைக் குறித்து, அது காட்டும் வழி நாம் எண்ணிய வழியோடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்ப்போம். ஒரே பெயரில் பல தாமான்கள் இருக்கும் நாட்டில் இந்தச் சரிபார்ப்பு மிக அவசியம்.

இவ்வளவையும் வண்டி நகரும்முன் செய்துவிட வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் போகிறது. இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 33 மீட்டரைக் கண் மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். மஸ்ஜித் இந்தியாவில் அந்த 33 மீட்டருக்குள் எத்தனை பேர் சாலையைக் கடப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தொலைபேசியைக் கையில் பிடித்தவாறு ஓட்டுவது நம் நாட்டுச் சட்டப்படியும் குற்றம். அதைத் தாங்கியில் பொருத்திவிட்டுக் குரலை மட்டும் கேட்போம். திருப்பம் தவறிவிட்டால் பதறிப் பின்னோக்கி வரவேண்டாம். கருவி வேறு வழி கணக்கிட்டுக் கொடுக்கும். அதில் அது சளைப்பதே இல்லை.

பிள்ளைகளுக்கும் இதைப் பழக்கலாம். அடுத்த முறை குடும்பத்தோடு கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ செல்லும்போது, பின்னிருக்கையில் உள்ள பிள்ளையிடம் வரைபடத்தைக் கொடுத்து, "இப்போது எங்கே இருக்கிறோம், அடுத்து எந்த ஊர்?" என்று கேட்டுக்கொண்டே போகலாம். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டச் சொல்லலாம். இவ்வாறு பத்துப் பயணம் சென்ற பிள்ளைக்குத் தன் ஊர் தன் உள்ளங்கை போலாகிவிடும். பிற்காலத்தில் எந்தக் கருவி வந்தாலும், அது சொல்வது சரியா தவறா என்று தீர்மானிக்கும் ஆற்றலும் அப்பிள்ளைக்கு இருக்கும்.